துரையும் தவுக்கேயும் – 9: நாற்காலி போட்டவர்களும் நிற்கவைத்தவர்களும்

சீனரோடு தொழில் பேசப் போகும் வெள்ளைக்காரர்களுக்கென்றே எழுதப்பட்ட கையேடுகள் விமான நிலையப் புத்தகக் கடைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. முகவரி அட்டையை இரண்டு கையாலும் நீட்டு. வாங்கிய அட்டையைப் படிக்காமல் பையில் திணிக்காதே. விருந்தில் வாசலைப் பார்த்த இருக்கை மூத்தவருக்கு. கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்துத் தொலைக்காதே. முதல் சந்திப்பிலேயே விலையை இழுக்காதே. எல்லாம் சரிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கேமரன் மலையின் ரிங்லெட் கடைத்தெருவில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் இவை பாலர் பள்ளிப் பாடம். நூறு வருடத்துக்கு முன்பு மலாயாவுக்கு வந்த துரைமார் தவுக்கேக்கள் என்னும் சீன முதலாளிகளிடம் கற்றுக்கொண்டது இதைவிடக் கனமான விஷயம். கடன் கொடுப்பது எப்படி, யாரை நம்பிக் கொடுப்பது, அவனுக்குப் பின்னால் நிற்பவன் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது. மற்றதெல்லாம் மேல்பூச்சு.

போன வாரம் தாப்பாவிலிருந்து மலையேறும் சாலையைப் பார்த்தோம். பேராக்கைத் தாண்டிப் பகாங் எல்லைக்குள் நுழைந்ததும் வரும் முதல் ஊர் ரிங்லெட். பெர்தாம் பள்ளத்தாக்கில் காய்கறி, ஹாபு பக்கச் சரிவுகளில் தேயிலை. காய்கறியும் கடைத்தெருவும் சீனர் கையில், கொழுந்துக் கூடை நம்மவர் முதுகில், நிலப் பட்டா துரை பெட்டியில் என்று ரொம்ப காலம் ஓடிய ஊர். அந்தக் காட்டில் முதலிலிருந்தே குடியிருந்த செமாய் மக்களை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அது தனிக் கதை, தனியாகவே எழுத வேண்டியது.

ஹாபு சரிவில் 1929ல் தேயிலைத் தோட்டம் போட்டவர் ஜே.ஏ. ரஸ்ஸல். இன்று நம் வீடுகளில் கொதிக்கும் போ தேயிலையின் நிறுவனர். உலகமே பொருளாதாரச் சரிவில் விழுந்த வருடம் அது. ரப்பர் விலை பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், சாலையே முழுதாக முடியாத மலையில் ஒருவர் காட்டை வெட்டித் தேயிலை போடுகிறார் என்றால் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லை சந்தையை நன்றாக அறிந்தவராக இருக்க வேண்டும். ரஸ்ஸல் இரண்டாவது வகை.

அந்த அறிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? லண்டனிலிருந்து வரவில்லை. 1890 வாக்கில் சிறு பையனாகக் குடும்பத்தோடு மலாயாவுக்கு வந்தவர். தகப்பனார் அரசாங்க அச்சகத்தில் வேலை பார்த்தார். மற்ற வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் படிப்புக்கென்று சீமைக்கு அனுப்பிவிடும் வயதில் இந்தப் பையன் கோலாலம்பூரில் மலாயும் சீன வட்டார மொழிகளும் பேசிக்கொண்டு வளர்ந்தான். பின்னால் ஈயம், ரப்பர், நிலக்கரி, கட்டடம் என்று அவர் தொட்ட ஒவ்வொரு தொழிலிலும் எதிர் நாற்காலியில் ஒரு சீனர் உட்கார்ந்திருந்தார். நடுவில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அவரோடு பேச முடிந்த வெள்ளைக்காரர்கள் அன்று மிகக் குறைவு. ரஸ்ஸல் சீனப் பழக்கத்துக்குத் தன்னை மாற்றிக்கொண்டார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அதற்குள்ளேயே வளர்ந்தவருக்கு மாற்றிக்கொள்ள என்ன இருக்கிறது?

மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது மற்றவர்களுக்குத்தான். அதில் பெரும்பாலோர் தாங்கள் மாறவில்லை. தங்களுக்குப் பதிலாக மாறித்தர ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அவருக்குக் கம்பரதோர் என்று பெயர். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் இருந்த ஆங்கிலேய வங்கிகள் ஒவ்வொன்றிலும் ஒரு சீனக் கம்பரதோர் இருந்தார். ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் சிங்கப்பூர்க் கிளையில் சீ இயூ பூன், அவருக்குப் பின் அவர் மகன் சீ தியோங் வா. எந்தச் சீன வியாபாரிக்குக் கடன் கொடுக்கலாம், எவருக்குக் கூடாது என்று வங்கி மேலாளருக்குச் சொல்வது கம்பரதோரின் வேலை. சொல்வதோடு முடியாது. தான் கொண்டுவந்த ஆள் கடனைத் திருப்பவில்லையென்றால் பொறுப்பு கம்பரதோர் தலையில். அதற்காகவே அவர் வங்கியில் பிணையம் கட்டி வைத்திருப்பார். அதற்கு ஈடாகக் கமிஷன்.

ஏன் இவ்வளவு சுற்று? நீதிமன்றம் இருந்தது, பத்திரம் இருந்தது, வெள்ளைக்கார நீதிபதியே இருந்தார். ஆனால் சிங்கப்பூரின் ஆரம்ப காலத்து ஐரோப்பிய வணிகர்கள் அந்த வழியை முயன்று சூடுபட்டவர்கள். சீமையிலிருந்து வந்த துணியையும் இரும்பையும் சீன வியாபாரியிடம் மாதக் கணக்கில் தவணைக்குக் கொடுத்தார்கள். மிளகும் சவ்வரிசியும் ஈயமுமாக அது திரும்ப வர வேண்டும். வந்தால் நல்ல லாபம். வராவிட்டால், கடன்காரர் அதற்குள் கப்பலேறிச் சீனாவுக்குப் போயிருப்பார். தீர்ப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சட்டத்துக்குக் கை எட்டாத இடத்திலும் ஊர்க்காரனின் பேச்சு எட்டும். ஒரே கிராமம், ஒரே குலப்பெயர், ஒரே சங்கம் என்ற வலையில் ஒருவன் நாணயம் தவறினால் அவனுக்கு யாரும் ஒரு மூட்டை அரிசிகூடக் கடன் தரமாட்டார்கள். அந்த வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வதுதான் துரைமார் கற்ற சீனப் பழக்கம். தேநீர் குடித்தது, பொறுமையாகக் குடும்ப நலம் விசாரித்தது, புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழம் அனுப்பியது எல்லாம் அந்த முனை கைநழுவாமல் இருப்பதற்காக.

நம்மவர்களும் இந்த வலையில் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ஆங்கிலேய வங்கிகளில் பணம் எடுத்து, கிட்டங்கிகளில் உட்கார்ந்து, நிலப் பட்டாவின் பேரிலும் கைமாற்றுச் சீட்டின் பேரிலும் சீன வியாபாரிகளுக்கும் ஈயச் சுரங்கம் நடத்திய லம்பக்காரர்களுக்கும் கடன் கொடுத்தார்கள். வங்கி தொடத் தயங்கிய ஆளை இவர்கள் தொட்டார்கள். வட்டியையும் அதற்குத் தக்கபடி வைத்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

செட்டியார்களுக்கு வெளியே ஒருவரைச் சொல்வதென்றால் கா. தம்புசாமி பிள்ளை. சிங்கப்பூரில் பிறந்து, ராபிள்ஸ் பள்ளியில் ஆங்கிலம் படித்து, சிலாங்கூரின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் டேவிட்சனோடு கிள்ளானுக்கு வந்தவர். கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலோடு சேர்த்தே நாம் அவரை நினைக்கிறோம். அவர் லோக் இயூவோடு கூட்டுச் சேர்ந்து ரவாங்கில் ஈய லம்பம் நடத்தியதை அவ்வளவாகப் பேசுவதில்லை. பதின்மூன்று வயதில் சீனாவிலிருந்து வந்து மளிகைக் கடையில் வேலை பார்த்துப் பிறகு மலாயாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான அதே லோக் இயூதான். மலாயாவின் ஈய லம்பங்களில் முதன்முதலாக மின்சாரத்தில் ஓடும் தண்ணீர்ப் பம்பை வைத்தது அந்த ரவாங் கம்பெனி, 1894 வாக்கில். ஒரு தமிழரும் ஒரு கான்டனீயரும் சேர்ந்து செய்தது. 1893ல் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளிக்கு அறங்காவலர்களாக உட்கார்ந்ததும் இதே இரண்டு பேரும் சீனர் தலைவர் யாப் குவான் செங்கும் துரைமாரும்தான். சீனரோடு எப்படிப் பழகுவது என்று தம்புசாமி பிள்ளைக்கு யாரும் கையேடு எழுதித் தரவில்லை.

ஈயம் என்றதும் இன்னொரு கம்பெனி. ஹெர்மன் மூலிங்ஹாஸ் என்ற ஜெர்மானியரும் ஜேம்ஸ் சுவோர்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் 1887ல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங். அதுவரை லம்பக்காரருக்கு அரிசி, எண்ணெய், அபின் எல்லாவற்றையும் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இருந்த முதலாளி முன்பணமாகக் கொடுப்பார், விலையை அவரே போட்டுக்கொள்வார். கிடைத்த ஈயம் முழுக்க அவருக்கே போக வேண்டும். சரக்கும் கடனும் ஒரே கையில். இந்தப் புதுக் கம்பெனி தாதுவை அப்படியே எடைபோட்டு ரொக்கம் கொடுத்தது. சிங்கப்பூர் அருகே புலாவ் பிரானித் தீவில் 1890ல் உருக்காலையும் போட்டது. சீனப் பழக்கத்துக்கு வளைந்து கொடுத்தது என்பதைவிட, அதில் எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடித்து அங்கே கை வைத்தது என்று சொல்லலாம். எதிராளியை நன்றாகப் படித்தவனால்தான் இது முடியும்.

மலாக்காவில் சைம், டார்பி என்ற இரண்டு துரைகள் 1910ல் ரப்பர்த் தோட்ட நிர்வாகத்தில் இறங்கியபோது பின்னால் நின்றது மலாக்காச் சீனரின் பணமும் நட்பும். பிறகு நடந்ததைப் பாருங்கள். அதே மலாக்காக் குடும்பங்களில் ஒன்றிலிருந்து வந்த டான் சியூ சின், நாட்டின் நிதியமைச்சராக இருந்து ஓய்வு பெற்றபின், 1976ல் அந்தச் சைம் டார்பிக்கே தலைவரானார். நாற்காலி போட்டுக் கொடுத்தவர் வீட்டுப் பிள்ளை கடைசியில் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தார்.

இவ்வளவு பெரிய கடன் சங்கிலியின் கடைசிக் கண்ணி எங்கே இருந்தது தெரியுமா? ரிங்லெட் மாதிரி ஊர்களில், தோட்டத்துப் பெண்ணின் ரவிக்கைக்குள் செருகிய சின்ன நோட்டில். மேலட்டையில் பெரிதாக 555 என்று அச்சடித்திருக்கும். உள்ளங்கையில் அடங்கும். நாற்பது வயது தாண்டிய எந்த மலேசியத் தமிழருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. தேதி, அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், பால் டின். எதிரே வெள்ளி, சென். கடைக்காரரிடம் ஒரு கணக்கு, வாங்குபவரிடம் ஒரு கணக்கு. எழுதுவது கடைக்காரர்தான், பாதி சீனத்தில். நம் ஆட்கள் எண்ணை மட்டும் பார்த்துக்கொள்வார்கள்.

நான் பார்த்த ஒரு கடையில் தவுக்கே தமிழிலேயே பேசுவார். இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாத தமிழ், ஆனால் மரியாதை குறையாத தமிழ். சாமான் வாங்க வந்த அம்மாள் தலையைச் சொறிந்தபடி நின்றார்.

"தவுக்கே, இந்த மாசம் கொஞ்சம் கையிறுக்கம்."

"பரவால்ல அக்கா. தீபாவளி வருது, புள்ளைங்க இருக்கு. சாமான் எடு. சம்பளம் வந்தா பாத்துக்கலாம்."

பாக்கி எவ்வளவு என்று அவர் வாயால் சொல்லவில்லை. கடையில் இன்னும் நாலு பேர் நின்றார்கள். நோட்டைத் திருப்பி, கூட்டுத்தொகை எழுதிய இடத்தில் விரலை வைத்து, அந்த அம்மாள் பார்த்ததும் மூடிவிட்டார். சீனப் புத்தாண்டுக்குப் பத்து நாள் முன்னால் அதே தவுக்கே, "அக்கா, நோட்டு பழசாப் போச்சு, புதுசு மாத்தணும்" என்பார். புத்தாண்டு பிறக்குமுன் பழைய கடன் தீர வேண்டும் என்பது சீனர் வழக்கம். அதைக் 'காசைக் கட்டு' என்று சொல்லாமல் சொல்லும் வழி அது. கட்டியவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அங்பாவ் என்ற பண உறையும் ஆரஞ்சும் தவறாமல் வரும். பல லட்சம் வெள்ளி புரண்ட பினாங்கு வங்கியில் நடந்ததும், நாற்பது வெள்ளி புரண்ட இந்தக் கடையில் நடந்ததும் ஒரே முறைதான்: ஆளைப் பார், அவன் வீட்டைப் பார், நாலு பேர் முன்னால் கேட்காதே, வருடக் கடைசியில் தீர்.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி வருகிறது. துரை தவுக்கேயின் பழக்கத்தைக் கற்றார். தவுக்கே தோட்டத்துத் தமிழரின் மொழியைக் கற்றார். துரைமாரும் தமிழ் கற்றார்கள், இல்லையென்று சொல்லவில்லை. 1919ல் தொடங்கிய தோட்டத் துரைகள் சங்கம் தமிழில் தேர்வே நடத்தியது. தமிழ் வராத சின்னத் துரைக்குத் தோட்டத்தில் பிழைப்பு கஷ்டம். ஆனால் எந்தத் தமிழ்? இலங்கைத் தோட்டத் துரைகளுக்காகக் கொழும்பில் அச்சான பழைய கையேடு ஒன்றின் பெயரே 'இங்கே வா'. வெல்ஸ் என்பவர் 1915ல் எழுதிய இன்னொன்றின் பெயர் 'கூலித் தமிழ்'. பெயரே போதும், உள்ளே என்ன இருக்கும் என்று புரிந்துவிடும். ரஸ்ஸலோடு சேர்ந்து கேமரன் மலைக்கு வந்த ஏ.பி. மில்ன் இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகியவர். அங்கத்திய துரைத்தமிழும் அந்த அனுபவத்தோடு சேர்ந்து மலையேறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

தவுக்கேயிடம் பழகும்போது யாரை முதலில் உட்காரச் சொல்வது என்றுவரை யோசித்த வர்க்கம், தோட்டத் தமிழனிடம் என்ன எதிர்பார்த்தது? 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் ஒன்று இது: துரை எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை எடுக்க வேண்டும். அதே பட்டியலில் சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கு இணையான சம்பளமும், கள்ளுக்கடைகளை மூடுவதும், பெண்களைத் தொந்தரவு செய்வதை நிறுத்துவதும் இருந்தன. முன்னின்றவர்களில் ஒருவரான தமிழ் நேசன் பத்திரிகையாளர் ஆர்.எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். ராணுவம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் செத்தார்கள்.

சீனத் தொழிலாளிக்கு ஏன் கூடுதல் சம்பளம்? துரைக்குச் சீனர்மேல் தனிப் பாசம் ஒன்றும் கிடையாது. சீனக் கூட்டத்துக்குக் கெப்பாலா என்ற மேஸ்திரி ஒருவர் இருந்தார், ஒப்பந்தம் பேசுவது அவர். பேரம் படியவில்லையென்றால் ஆட்கள் மொத்தமாக மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்கோ லம்பத்துக்கோ போய்விடுவார்கள். நம்மவர்களுக்கும் சட்டப்படி ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து விலகும் உரிமை இருந்தது. ஆனால் விலகினால் லயத்து வீடு போகும். கங்காணியிடம் பட்ட கடன் நிற்கும். ஆள் குறைந்தால் கப்பலில் இன்னும் ஆள் வரும். 1938ல் இந்திய அரசாங்கம் தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை இந்தத் தைரியம் துரைமாருக்குக் குறையவில்லை. எழுந்து போகக்கூடியவனுக்கு நாற்காலி போட்டார்கள். போக முடியாதவனைச் சைக்கிளிலிருந்து இறக்கினார்கள். தவுக்கேயின் கடையில் அந்த அம்மாளுக்கு மரியாதை கிடைத்ததற்கும் காரணம் இதுவேதான். அவர் நோட்டை மூடிவிட்டு எதிர்க் கடைக்குப் போகலாம்.

சீனப் பழக்கத்தைப் பின்பற்றுவது எப்போதும் நல்லதாகவே முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். கெப்பாலா முறை முதலாளிக்கு ரொம்ப வசதி. தொழிலாளியின் சம்பளம், சாப்பாடு, இருப்பிடம் எதையும் கம்பெனி பார்க்க வேண்டாம், ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார். எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது பத்து ஆராங்கில் 1937ல் தெரிந்தது. ரஸ்ஸல் 1913ல் தொடங்கிய மலாயன் கோலியரீஸ் நிலக்கரிச் சுரங்கத்தில், அவர் இறந்து நான்கு வருடம் கழித்து, தொழிலாளர்கள் சுரங்கத்தையே கைப்பற்றி உட்கார்ந்துவிட்டார்கள். சீன மொழி பேசி வளர்ந்தவர் நிறுவிய கம்பெனிக்கே தன் சீனத் தொழிலாளி என்ன நினைக்கிறான் என்று தெரியவில்லை. தவுக்கேயோடு பேசுவது வேறு, தவுக்கேக்குக் கீழே இருப்பவனோடு பேசுவது வேறு.

ரஸ்ஸல் 1933ல் காலமானார். ஹாபுவில் 1935ல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலையை அவர் பார்க்கவில்லை. கத்ரி என்ற பெரிய ஏஜென்சி கம்பெனியை 1981ல் ஒரே காலைப் பொழுதில் லண்டன் பங்குச் சந்தையில் வாங்கி மலேசியா தன் கைக்குக் கொண்டுவந்தது. போ தேயிலை மட்டும் மூன்றாவது தலைமுறையாக ரஸ்ஸல் குடும்பத்திடமே இருக்கிறது. நிறுவனரின் பேத்தி கரோலின் ரஸ்ஸல் அதை நடத்துகிறார்.

மலைச்சரிவில்தான் ஆட்கள் மாறிவிட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று இறங்கிவிட்டார்கள். இன்று ஹாபு பக்கம் கொழுந்து எடுப்பவரும் பெர்தாம் பள்ளத்தாக்கில் முட்டைக்கோசு அறுப்பவரும் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். வேலை அனுமதிச் சீட்டு ஒரு முதலாளியின் பெயரில் இருக்கும். விட்டுவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போக முடியாது. கோலாலம்பூரில் எல்லா வெளிநாட்டுக் கம்பெனியும் சீனப் புத்தாண்டுக்கு வாடிக்கையாளரைக் கூப்பிட்டு யீசாங் என்ற புத்தாண்டு உணவைக் கிளறுகிறது, அங்பாவ் உறையில் தன் சின்னத்தை அச்சடித்துக் கொடுக்கிறது. நல்ல விஷயம்தான். இந்த மலையில் கொழுந்து எடுக்கும் வங்காளதேசத்துப் பையனின் ஈத் பண்டிகை என்றைக்கு என்று எத்தனை நிர்வாகிகளுக்குத் தெரியும்? நம்மவர்களும் இப்போது அங்கே மேற்பார்வை வேலையில் இருக்கிறார்கள். கேள்வி அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அடுத்த வாரம் பத்து ஆராங் சுரங்கத்துக்குள் இறங்குவோம். அதற்கு முன் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டியின் தகரப் பெட்டியில் 555 நோட்டு ஏதாவது மிஞ்சியிருந்தால், பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். உள்பக்கங்களைப் படம் எடுத்து, எந்தத் தோட்டம், எந்த ஊர்க் கடை என்று குறித்து, பத்திரிகை முகவரிக்கு அனுப்பிவையுங்கள். வங்கிகளின் கணக்கேடுகளைக் காக்க ஆள் இருக்கிறது, இந்தக் கணக்கைக் காக்க நாம்தான் இருக்கிறோம்.